ஜெட்டிசன் : ஓர் ஆங்கில வினைச்சொல்லின் பொருள் வரலாறு

1. முன்னுரை

ஒரு மொழியின் சொல்லுக்குப் பிறிதொரு மொழியில் நேர்சொல் காணப் புகுவார், அச்சொல்லின் இன்றைப் பொருளை மட்டும் அறிந்து அமைதல் போதாது. அச்சொல் எவ்விடத்துப் பிறந்தது, யாருடைய வாயில் வழங்கிற்று, எத்தொழிலின் தேவையால் பொருள் பெற்றது என்பனவற்றையும் ஆராய்தல் வேண்டும். இவ்வுண்மையை விளக்குதற்கு 'ஜெட்டிசன்' என்று ஒலிக்கப்பெறும் ஆங்கில வினைச்சொல் தக்கதொரு சான்றாகும்.

இன்றைய ஆங்கிலத்தில் இச்சொல்லுக்குச் சுமையை உதறித் தள்ளுதல், வேண்டாததை ஒழித்தல், பயனற்றதைக் கைவிடுதல் என்பன பொருள்களாக வழங்குகின்றன. அரசியற்கட்சியொன்று தன் பழைய கொள்கையை விட்டொழிக்குமிடத்தும், ஏவுகலம் எரிபொருள் தீர்ந்த பகுதியைக் கழற்றி எறியுமிடத்தும் இவ்வொரு சொல்லே ஆளப்படுகின்றது. இதனால், எறியப்படும் பொருள் எறிவோனுக்கு இனி வேண்டாதது என்னும் எண்ணம் கேட்போர் உள்ளத்தில் இயல்பாகவே எழுகின்றது.

மொழிபெயர்ப்பு வகுப்பில் கப்பற் காப்பீட்டு ஆவணப் பகுதியொன்றை முதுகலை மாணவர்க்கு யாம் பயிற்சியாகக் கொடுத்தபோது, அவருட் பெரும்பாலோர் இச்சொல்லைக் 'கைவிடுதல்' என்றே பெயர்த்தனர். அகராதியில் அவர்கள் கண்டதும் அதுவே. ஆயினும் அப்பெயர்ப்பு பொருந்தாது. கப்பற் காப்பீட்டில் 'கைவிடுதல்' என்பது தனியாக வரையறுக்கப்பட்ட பிறிதொரு செயல். பெரிதும் சேதமுற்ற பொருளின்மேல் தனக்குள்ள உரிமையைக் காப்பீட்டாளரிடம் விட்டுக்கொடுத்து முழு இழப்பீடு கோருதலை அது குறிக்கும். ஜெட்டிசனோ உரிமையை விடாமல் பொருளை மட்டும் எறிதலாகும். இரண்டையும் ஒரு சொல்லால் பெயர்த்தால் ஆவணம் தன் பொருளையே இழந்துவிடும்.

ஆகவே, இச்சொல்லின் பிறப்பையும் வளர்ச்சியையும் ஆராய்ந்து, அதன் உட்பொருள் எவ்வாறு திரிந்தது என்பதைக் காட்டுதலும், அதற்கேற்ற தமிழ்ச்சொல் யாதென எண்ணிப் பார்த்தலும் இக்கட்டுரையின் நோக்கங்களாம்.

2. சொற்பிறப்பு

இலத்தீன் மொழியில் 'யாக்கெரே' என்னும் வினை எறிதற் பொருளது. மீண்டும் மீண்டும் நிகழும் செயலைக் குறிக்க அதனின்று 'யாக்தாரே' என்னும் வடிவம் தோன்றிற்று. இது பிற்கால இலத்தீனில் 'யெக்தாரே' எனத் திரிந்து, பழம் பிரெஞ்சில் 'ஜெதெர்' என்றாயிற்று. நார்மானியர் கி.பி. 1066-இல் இங்கிலாந்தை வென்றபின் அந்நாட்டு நீதிமன்றங்களிலும் வாணிகத்திலும் ஆங்கில-பிரெஞ்சு என்னும் கலவை வழக்கு நிலைபெற்றது. அவ்வழக்கில் எறிதற்றொழிலைக் குறித்த பெயர் 'ஜெத்தெசொன்' என்பது. கப்பலின் பாரத்தைக் குறைக்கும்பொருட்டுச் சரக்கைக் கடலில் எறியும் தொழிலுக்கே அது பெயராயிற்று. 15ஆம் நூற்றாண்டில் இது ஆங்கிலத்துள் புகுந்தது.

இவ்வேரினின்று கிளைத்த சொற்கள் நம் நாட்டு வழக்கிலும் பல உள. முன்னோக்கி எறியப்பட்டது 'ப்ராஜெக்ட்'. பின்னோக்கி எறிதல் 'ரிஜெக்ட்'. உள்ளே எறிதல் 'இஞ்செக்ஷன்'. பீறிட்டு எறியப்படும் நீரோ வளியோ 'ஜெட்'. கரையினின்று கடலுள் எறிந்தாற்போல் நீண்டு நிற்கும் கட்டுமானம் 'ஜெட்டி'. இவை யாவும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்பது கருதத்தக்கது.

ஆங்கிலத்துட் புகுந்த பெயர்ச்சொல் நாளடைவில் மக்கள் நாவில் குறுகி 'ஜெட்சம்' என்றாயிற்று. குறுகியதோடு பொருளும் சிறிது பெயர்ந்தது. எறியும் தொழிலைக் குறித்த சொல், எறியப்பட்ட சரக்கைக் குறிக்கத் தொடங்கிற்று. இது தொழிற்பெயர் அத்தொழிலின் பயனாகிய பொருளுக்கு ஆகிவரும் தொழிலாகுபெயர் நெறியே. 1601ஆம் ஆண்டு இங்கிலாந்தில் தீர்க்கப்பட்ட கான்ஸ்டபிள் வழக்கில், கடலிற் சேர்ந்த பொருள்கள் மூவகையாகப் பகுத்துரைக்கப்பட்டன. உடைந்த கலத்தினின்று மிதந்து செல்வது 'ஃப்ளாட்சம்'. கலத்தைக் காக்க எறியப்பட்டது 'ஜெட்சம்'. மீண்டும் வந்து எடுத்துக்கொள்ளும் கருத்தோடு மிதவை கட்டி ஆழ்த்தப்பட்டது 'லகன்'. இம்மூன்றனுள் இறுதியில் நின்ற லகனை மனத்திற் கொள்க. கடலில் ஆழ்த்தும்போதும் சரக்குக்கு மிதவை கட்டுவோன், அதனை வேண்டாதது என்று கருதுவானல்லன்.

'ஜெட்சம்' சரக்கின் பெயராகிவிட்டமையால், தொழிலைக் குறித்தற்கு ஐயமற்ற சொல்லொன்று தேவைப்பட்டது. 18ஆம் நூற்றாண்டில் கப்பற் காப்பீடு பற்றி எழுதியோர், பழைய வடிவமாகிய 'ஜெட்டிசன்' என்பதனை மீட்டுயிர்ப்பித்தனர். அதுவும் பெயர்ச்சொல்லாகவே மீண்டது. அது வினைச்சொல்லாக வழங்கியமைக்கு அகராதி காட்டும் முதற் சான்று 1848ஆம் ஆண்டினது. ஆகவே தொழில் மிகப் பழமையானது. பெயர் அறுநூறு ஆண்டளவினது. வினையோ இருநூறாண்டுகளும் நிரம்பாதது என்க.

3. தொழிலும் சட்டமும்

புயலில் அகப்பட்ட மரக்கலத்தின் சரக்கைக் கடலில் எறிதல் பன்னெடுங்கால வழக்கம். விவிலியத்தின் பழைய ஏற்பாட்டில் யோனா சென்ற கப்பலின் மாலுமிகள் பாரம் குறையச் சரக்கை எறிந்த செய்தி உண்டு. புதிய ஏற்பாட்டில் பவுல் உரோம் நகர்க்குக் கொண்டுசெல்லப்பட்ட கப்பலில் முதலிற் சரக்கும், பின்னர்க் கப்பற் கருவிகளும், இறுதியில் கோதுமையும் எறியப்பட்டமை முறையாகக் கூறப்பட்டுள்ளது. எஞ்சியது யாதோ அதனை நோக்கி, விலை குறைந்ததினின்று உயிர்க்கு இன்றியமையாதது வரை படிப்படியாகச் சென்ற அவலத்தை அவ்வரிசையே உணர்த்துகின்றது.

எறிதல் நிகழ்ந்தபின் எழும் வினா ஒன்றுண்டு. ஒரு கலத்தில் பலருடைய சரக்கு இருக்கும். புயலின் நடுவே யாருடைய மூட்டை கைக்கு எட்டுகிறதோ அதுவே எறியப்படும். எறிந்ததனாற் பிழைத்தவர் எல்லாரும், இழந்தவனோ ஒருவன். அவனது இழப்பை யார் தாங்குவது? இவ்வினாவிற்கு நடுநிலக் கடற்றீவாகிய ரோட்சு நாட்டார் வகுத்த விடையே 'ரோட்சுச் சட்டம்' எனப் பெயர் பெற்றது. அந்நாட்டார் எழுதிய மூலம் நமக்குக் கிடைத்திலது. ஆனால், கி.பி. 533-இல் ஜஸ்டினியன் பேரரசன் வெளியிட்ட 'டைஜெஸ்டு' என்னும் சட்டத் தொகையின் பதினான்காம் நூல், இரண்டாம் பகுதி முழுவதும் இப்பொருள் பற்றியதே.

அப்பகுதியின் தொடக்கத்தில் பவுலஸ் என்னும் சட்ட அறிஞர் கூறுவதன் கருத்து, கலத்தின் பாரம் குறைக்க எறியப்பட்ட சரக்கின் இழப்பை எல்லாரும் பங்கிட்டு ஈடுசெய்தல் வேண்டும் என்பதாம். ஆண்டு அவர் ஆளும் சொல்லொன்று ஊன்றி நோக்கத்தக்கது. எறியப்பட்டதை அவர் எல்லார் பொருட்டும் 'கொடுக்கப்பட்டது' என்றே குறிக்கின்றார். எறிதல் இங்கே ஈதலாக எண்ணப்பட்டது. கொடுத்தவன் இழந்தவன் ஆகான். கொண்டவர் கடன்பட்டவர் ஆவர்.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். கப்பலின் மதிப்பு 50,000 காசு என்றும், அதில் மூன்று வணிகருடைய சரக்குகள் முறையே 10,000, 20,000, 20,000 காசு மதிப்புடையன என்றும் கொள்வோம். முதல் வணிகனது சரக்கு முழுவதும் எறியப்பட்டு ஏனைய பிழைத்தன. மொத்த மதிப்பு 1,00,000. இழப்பு அதிற் பத்தில் ஒரு பங்கு. எனவே கப்பலுடையான் 5,000, மற்றை இருவரும் தனித்தனி 2,000 கொடுப்பர். இழந்தவன் தன் பங்காக 1,000 ஏற்று, 9,000 பெறுவான். ஒருவனும் முழுதும் கெடான். ஒருவனும் இழப்பின்றித் தப்பான். இதுவே அச்சட்டத்தின் உயிர்நிலை. கலம் பிழைத்தாலன்றிப் பங்கீட்டிற்கு இடமில்லை என்பதும் ஆண்டே கூறப்பட்டுள்ளது.

பங்களிப்போர் யாவர் என்னும் ஆராய்ச்சியும் நுண்ணியது. முத்து, மணி முதலிய பாரமில்லாப் பொருளை ஏற்றியவனும் பங்களிக்கவேண்டும். அவனுடைய பொருளும் பிழைத்ததன்றோ? அணிந்திருந்த ஆடையும் கணையாழியும்கூட மதிப்பிற் சேரும். உண்பதற்குக் கொண்டுவந்த உணவு சேராது. உணவு முட்டுப்பட்டால் ஒவ்வொருவரும் தம்மிடமுள்ளதைப் பொதுவில் வைக்கும் கடமையுடையர் ஆதலின். உரிமையுடைய மாந்தரின் உடலுக்கு விலைமதிப்பு இல்லை ஆதலின், அவர்தம் உயிர்க்கெனப் பங்கு வாங்கப்படுவதில்லை. இவ்விதியின் மற்றொரு பக்கத்தைப் பின்னர்க் காண்போம்.

எம் ஆராய்ச்சிக்கு மிகவும் இன்றியமையாதது யூலியானஸ் என்னும் அறிஞரின் கருத்து. பாரம் குறைக்கப் பொருளை எறிபவர், அதனைக் கைவிட்ட பொருளாகக் கருதும் மனமுடையரல்லர் என்கிறார் அவர். அப்பொருள் மீண்டும் கண்ணிற் பட்டால் எடுத்துக்கொள்வர். விழுந்த இடம் தெரிந்தால் தேடியும் செல்வர். பெருஞ்சுமையால் அழுத்தப்பட்டு வழியில் அதனைப் போட்டுவிட்டு, பிறரை அழைத்துக்கொண்டு மீண்டு வர எண்ணிச் செல்வானை அவர் ஒப்புமை காட்டுகின்றார். நம் நாட்டுப் பழஞ்சாலைகளில் சுமைதாங்கிக் கல்லின்மேல் பாரத்தை இறக்கி வைத்தவன் அதனைத் துறந்தவனாகான் என்பதை நினைவார்க்கு இவ்வொப்புமை எளிதில் விளங்கும். காயஸ் என்பாரும், புயலில் எறியப்பட்ட பொருள் உடையவனுக்கே உரியது என்றும், அதனைக் கவர்ந்தவன் கள்வன் என்றும் கொள்கின்றார்.

எனவே, இன்று ஆங்கில வினைச்சொல் எப்பொருளைத் தருகின்றதோ, அப்பொருளை உரோமச் சட்டம் வெளிப்படையாகவே மறுத்தது என்பது பெறப்படும்.

இச்சட்டம் இடைக்காலத்தும் மறையவில்லை. பிரான்சின் மேற்குக் கடற்கரையை ஒட்டி வழங்கிய ஒலேரோன் விதிகள், எறிதற்கு முன்னர்க் கப்பல் தலைவன் வணிகரோடு கலந்து பேசவேண்டும் என்றும், அவர் இசையாராயினும் இன்றியமையாதபோது எறியலாம் என்றும், கரை சேர்ந்தபின் தன் கப்பலாட்கள் சிலரோடு ஆணையிட்டு அத்தேவையை மெய்ப்பிக்கவேண்டும் என்றும் பணித்தன. 1864, 1877ஆம் ஆண்டுகளிற் கூடிய மாநாடுகளின் வழிவந்த யார்க்-ஆண்ட்வெர்ப் விதிகள் இன்றளவும் திருத்தம் பெற்று வழங்குகின்றன. 2021 மார்ச்சுத் திங்களில் சூயஸ் கால்வாயில் தரைதட்டிய 'எவர் கிவன்' என்னும் கப்பலில் எறிதல் ஒன்றும் நிகழ்ந்திலது. எனினும் அதனை மீட்ட செலவைப் பங்கிடற்கு இப்பழைய நெறியே எடுத்தாளப்பட்டது.

4. எறிவோன் உள்ளம்

சட்ட அறிஞரேயன்றி மெய்யியலாரும் இத்தொழிலை எண்ணிப் பார்த்துள்ளனர். அரிஸ்டாட்டில் தம் அறநூலின் மூன்றாம் பகுதியில், விரும்பிச் செய்யும் செயலுக்கும் விரும்பாது செய்யும் செயலுக்கும் இடைப்பட்டதற்கு இதனையே எடுத்துக்காட்டாக ஆள்கின்றார். எவனும் தன் சரக்கைக் கடலில் எறிய வாளா விரும்பான். ஆயினும் தன்னையும் உடன்வருவாரையும் காக்கும்பொருட்டு அறிவுடையோன் எவனும் எறிவான் என்பது அவர் கருத்து. எறிவோன் உள்ளத்தில் விருப்பும் வெறுப்பும் ஒருங்கே நிற்கின்றன. உதறித் தள்ளுவோன் பெறும் நிம்மதி அவனுக்கு இல்லை.

இலத்தீனில் இத்தொழிலுக்கு 'யாக்தூரா' என்று மற்றொரு பெயரும் உண்டு. அப்பெயர் நாளடைவில் பொருள் விரிந்து, எல்லாவகை இழப்பையும் குறிக்கலாயிற்று. ஈண்டு இரு மொழிகளையும் ஒப்பிடுக. ஒரே வேரினின்று, ஒரே தொழிலைக் குறித்து எழுந்த சொற்கள் இரண்டு. இலத்தீனில் அது 'இழப்பு' என்னும் பொருளை நோக்கி நடந்தது; ஆங்கிலத்தில் 'தொல்லை தீர்தல்' என்னும் பொருளை நோக்கி நடந்தது. முன்னது இழந்தவன் பக்கம் நின்று பேசுகின்றது. பின்னது எறிந்தவன் பக்கம் நின்று பேசுகின்றது.

சிசரோ கி.மு. 44-இல் எழுதிய கடமைகள் பற்றிய நூலில், ரோட்சுத் தீவினராகிய ஹெக்காத்தோன் எழுப்பிய வினா ஒன்றைக் குறித்துள்ளார். கடலில் ஒன்றை எறிந்தே தீரவேண்டுமாயின், விலைமிக்க குதிரையை எறிவதா, விலைகுறைந்த அடிமையை எறிவதா என்பது அவ்வினா. பொருட்பற்று ஒருபுறம் இழுக்க, மக்கட்பண்பு மறுபுறம் இழுக்கின்றது என்று கூறி அவர் அதனை நிறுத்துகின்றார். எறிதற் சட்டத்திற்குத் தன் பெயரைத் தந்த தீவிலிருந்தே இவ்வினா எழுந்தது நோக்கத்தக்கது. 'சரக்கு' என்பதில் எவையெல்லாம் அடங்கும் என்பதே அவ்வினாவின் உட்கிடை.

5. 'ஸாங்' கப்பல்

ஹெக்காத்தோன் பள்ளி வினாவாக எழுப்பியது, ஆயிரத்தெண்ணூறு ஆண்டுகளுக்கு மேற்பட்டபின் மெய்யாகவே நிகழ்ந்தது. லிவர்ப்பூல் வணிகர் குழுவொன்றுக்குரிய 'ஸாங்' என்னும் கப்பல், ஆப்பிரிக்க மக்கள் 442 பேரை அடிமைகளாக ஏற்றிக்கொண்டு 1781-இல் ஜமேக்காவை நோக்கிச் சென்றது. அக்கப்பலின் அளவிற்கு இத்தொகை மிகப் பெரிது. வழி தவறியதனால் குடிநீர் போதாதென்று காரணங் கூறி, அவ்வாண்டு நவம்பர் 29 தொடங்கிச் சில நாள்களில் ஏறத்தாழ 130 பேரை உயிரோடு கடலில் எறிந்தனர். பின்னர்க் கப்பலுடையார், எறியப்பட்ட ஒவ்வொருவர்க்கும் 30 பவுன் வீதம் காப்பீட்டாளரிடம் இழப்பீடு கோரினர். கலத்தைக் காக்கத் தேவை கருதிச் சரக்கு எறியப்பட்டது என்பதே அவர்தம் வாதம்.

1783-இல் நடந்த முதல் விசாரணையில் ஜூரியினர் கப்பலுடையார்க்குச் சார்பாகவே தீர்ப்பளித்தனர். காப்பீட்டாளர் மறு விசாரணை கோரியபோது, தலைமை நீதிபதி மான்ஸ்பீல்டு பிரபு முந்தைய வழக்கின் நிலையை எடுத்துரைத்தார். குதிரைகளை எறிந்தாற் போன்றதே அடிமைகளை எறிந்ததும் என்பதில் ஜூரியினர்க்கு ஐயமிருக்கவில்லை என்றும், அது உள்ளத்தை நடுங்கச் செய்வது என்றும் அவர் கூறினார். ஹெக்காத்தோனுடைய குதிரையும் அடிமையும் லண்டன் நீதிமன்றத்தில் மீண்டும் ஒருங்கு நின்றமை காண்க. எறிதல் நடந்துகொண்டிருந்தபோதே மழை பெய்தது என்றும், அதன் பின்னும் சிலர் எறியப்பட்டனர் என்றும், கப்பல் கரை சேர்ந்தபோது 420 காலன் நீர் எஞ்சியிருந்தது என்றும் சான்றுகள் எடுத்துக்காட்டப்பட்டன. மறு விசாரணைக்கு ஆணை பிறந்தது. அவ்விசாரணை நடந்ததற்குச் சான்றில்லை. கொலைக் குற்றத்திற்காக எவரும் தண்டிக்கப்படவில்லை.

முன்னர் அடிமையாயிருந்து உரிமை பெற்ற ஒலாவுடா எக்குவியானோ இச்செய்தியைக் கிரான்வில் ஷார்ப்புக்கு அறிவித்தார். ஷார்ப்பின் முயற்சியால் இது அடிமை வாணிக எதிர்ப்புக்கு ஊற்றுக்கண்களுள் ஒன்றாயிற்று. அடிமைகளைக் கடலில் எறிதலால் ஆகும் இழப்பிற்குக் காப்பீட்டுத் தொகை பெறுதல் கூடாதென 1790ஆம் ஆண்டின் சட்டமொன்று விலக்கிற்று. 1807-இல் அவ்வாணிகமே பிரிட்டனிற் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

இவ்வழக்கு எம் ஆராய்ச்சிக்குப் புறம்பானதன்று. உரிமையுடைய மாந்தரின் உடலுக்கு விலையில்லை என்று உரோமச் சட்டம் கூறியதை முன்னர்க் கண்டோம். அவ்விதியின் மறுபக்கம், உரிமையில்லாதார்க்கு விலை உண்டு என்பதே. பொதுநலம் கருதி இழப்பைப் பங்கிடும் சட்டத்தில், அப்பொதுவினுள் அடங்குவார் யார் என்னும் வரையறை தவறினால், அறமாய் இருந்ததே கொலைக்குக் கருவியாகின்றது. சொல்லின் வரலாற்றை எழுதுவோர் இதன் பெருமையை மட்டும் கூறி இக்கறையை மறைத்தல் நேர்மையாகாது.

6. வினைச்சொல்லின் வளர்ச்சி

1848-க்குப் பின் வினையாக வழங்கத் தொடங்கிய இச்சொல், கடலை விட்டு வானில் ஏறிற்று. சொல் ஏறுதற்கு முன்னரே தொழில் அங்கு ஏறிவிட்டது. 1785 சனவரி 7-இல் பிளான்சார்டு, ஜெப்ரிஸ் என்னும் இருவர் ஆவிக்கூண்டில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தபோது, கூண்டு தாழ்ந்து வரக் கண்டு கைக்கெட்டிய பொருள்களையும் இறுதியில் தம் உடைகளையும் எறிந்தே பிழைத்தனர். பின்னர் வானூர்திகள், இறங்குதற்குரிய எடையின் மிக்கிருப்பின் எரிபொருளை வெளியேற்றும் முறை வந்தது. விண்கலங்கள் பயன் முடிந்த பகுதிகளைக் கழற்றிவிடும் முறையும் வந்தது. 1969 சூலையில் நிலவினின்று மீண்ட அப்பல்லோ 11 வீரர், தாய்க்கலத்தை அடைந்தபின் தம்மை ஏற்றிவந்த ஊர்தியை இவ்வாறே விட்டனர்.

இவ்விடங்களில் இரண்டு மாற்றங்கள் நிகழ்ந்தமை புலனாகும். ஒன்று, எறியப்படுவது பிறர் பொருளாகாமல் எறிவோனுடையதேயாயிற்று. எனவே பங்கீட்டிற்கு இடமில்லை. மற்றொன்று, எறிதல் எதிர்பாரா இடரின் விளைவாகாமல் முன்னரே வகுத்த திட்டத்தின் கூறாயிற்று. எனவே எறியப்படுவது பயன் முடிந்தது என்னும் கருத்து ஏறிற்று. இவ்விரண்டும் கூடியே, கொள்கையையும் துணைவரையும் உதறித் தள்ளுதல் என்னும் உருவக வழக்கிற்கு வழிகோலின. உடைமை, அருமை, இழப்பு, பங்கீடு என்னும் நான்கும் கழிந்தன. பாரம் குறைதல் ஒன்றே எஞ்சிற்று.

7. மற்றொரு சொல்லின் சான்று

எறிதற் சட்டத்தோடு பிறந்த பங்கீட்டு முறைக்கு ஆங்கிலத்தில் 'ஜெனரல் ஆவரேஜ்' என்று பெயர். 'ஆவரேஜ்' என்பது இன்று பள்ளிச் சிறாரும் அறிந்த சொல்; சராசரி என்பது அதன் பொருள். ஆனால் இச்சொல் முதலிற் கணக்கு நூலுக்கு உரியதன்று. அரபு மொழியில் பழுதுற்ற சரக்கைக் குறித்த 'அவார்' என்னும் சொல், இத்தாலியத் துறைமுகங்களில் 'அவாரியா' ஆகி, பிரெஞ்சில் 'அவாரீ' ஆகி, ஆங்கிலத்தில் இவ்வடிவம் பெற்றது. கடலில் நேர்ந்த இழப்பையும், பின்னர் அவ்விழப்பைப் பலரும் உரிய அளவிற் பங்கிடுதலையும் குறித்தது. அதனின்றே, பல அளவுகளைக் கூட்டிச் சமமாகப் பகுத்தல் என்னும் கணக்குப் பொருள் 18ஆம் நூற்றாண்டில் தோன்றிற்று.

ஒரு கலத்தில் ஒன்றாகப் பயணம் செய்த இரு சொற்கள் எவ்வாறு பிரிந்தன என்பது இதனால் தெளிவாகும். ஒன்று பங்கீட்டை மறந்து எறிதலை மட்டும் வைத்துக்கொண்டது. மற்றொன்று எறிதலை மறந்து பங்கீட்டை மட்டும் வைத்துக்கொண்டது. பொருள் வரலாற்று ஆராய்ச்சியில் ஒரு சொல்லைத் தனித்து நோக்காது, அதனோடு ஒரு துறையிற் பிறந்த சொற்களையும் உடன் நோக்கவேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று காண்டல் அரிது.

8. தமிழாக்கம்

இந்தியக் கடல்சார் காப்பீட்டுச் சட்டம் 1963-இல் இயற்றப்பட்டது. பொது இடர்க்காலத்தில் உடைமையைக் காக்கத் தாமே முன்வந்து தக்கவாறு செய்யும் இழப்பையும், அதன் பங்கீட்டையும் அதன் 66ஆம் பிரிவு கூறுகின்றது. சென்னையிலும் தூத்துக்குடியிலும் சரக்கேற்றுவோர் இச்சட்டத்திற்கு உட்பட்டோரே. ஆகவே இச்சொல்லைத் தமிழிற் சொல்லவேண்டிய தேவை ஏட்டளவினதன்று.

தமிழில் இப்பொருட்கு அணித்தாய சொற்கள் பல. அவற்றின் வேறுபாட்டை எறிவோன் உள்ளத்தைக் கொண்டே அறிதல் வேண்டும். 'துறத்தல்' என்பதில் பற்று நீங்குதல் உண்டு. 'கைவிடுதல்' என்பதில் உரிமையும் கடமையும் ஒருங்கு நீங்குதல் உண்டு. 'களைதல்' என்பது தீயதை நீக்குதல். 'கழித்தல்' என்பது பயன் முடிந்ததை நீக்குதல். 'உதறுதல்' என்பதில் வெறுப்போ விரைவோ தோன்றும். 'எறிதல்' ஒன்றே உள்ளக்கருத்து எதனையும் கட்டுரைக்காது தொழிலளவில் நிற்பது. ஆதலின் சட்டச் சொல்லுக்கு அடியாதற்கு அதுவே தக்கது.

ஆயினும் 'எறிவு' என வாளா கூறின், குப்பை எறிதற்கும் அது பொருந்தும். 'சுமையெறிவு' எனின், எறியப்படுவது சுமை என்னும் எண்ணமே மேலிடும்; அருமைப் பொருள் என்பது மறையும். காத்தற்பொருட்டு எறிதல் என விரியும் 'காப்பெறிவு' என்பதனை யாம் ஆய்வார் முன் வைக்கின்றோம். அதனோடு வரும் பங்கீட்டைப் 'பொதுவிழப்புப் பங்கீடு' எனலாம். உருவக வழக்கில் வரும் ஆங்கில வினைக்கோ இச்சொற்கள் பொருந்தா. அங்கே 'உதறித் தள்ளுதல்', 'கழற்றி விடுதல்' முதலியனவற்றை இடம் நோக்கி ஆள்க. ஆங்கிலத்தில் ஒன்றாய் நிற்பது தமிழில் இரண்டாய் நிற்றல் குறையன்று. ஆங்கிலச் சொல் தன் வரலாற்றில் மறந்த வேறுபாட்டைத் தமிழ் பேணுவதற்கு அதுவே வழி.

9. முடிவுரை

இதுகாறுங் கூறியவற்றால், 'ஜெட்டிசன்' என்பது அருமையான பொருளை, அதன்மேலுள்ள உரிமையை விடாமல், எல்லாரும் பிழைத்தற்பொருட்டு எறிந்து, அவ்விழப்பை எல்லாரும் ஏற்கும் தொழிலுக்குப் பெயராய்ப் பிறந்தது என்பதும், பெயர் வினையாகி, கடல் வானாகி, சட்டம் உருவகமாகியபோது அப்பொருட்கூறுகள் ஒவ்வொன்றாய் நீங்கின என்பதும் பெறப்பட்டன. அச்சட்டத்தின் 'எல்லாரும்' என்னும் சொல்லில் 'ஸாங்' கப்பலில் எறியப்பட்டோர் அடங்காது போயினர் என்பதும் காட்டப்பட்டது.

பாரம் குறைக்கவேண்டிய காலம் கலத்திற்கேயன்றி நிறுவனங்களுக்கும் நாடுகளுக்கும் வருதல் உண்டு. அப்போது இச்சொல்லை எளிதில் எடுத்தாள்வோர், எறியப்படுவது யாருடையது, பிழைப்பவர் யாவர், இழந்தார்க்கு அவர் தரும் பங்கு யாது என்னும் மூன்று வினாக்களையும் உடன் எழுப்புதல் வேண்டும். அச்சொல்லின் பழம்பொருள் அம்மூன்று வினாக்களினின்றே பிறந்தது. மொழிபெயர்ப்பாளர் அதனை அறிந்து சொல் தேர்வாராயின், எம் மாணவர்க்கு அன்று நேர்ந்த இடர்ப்பாடு பிறர்க்கு நேராது.